பட்டறையில் அடித்த தோட்டக் கருவி பல வருஷம் உழைக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹார்டுவேர் கடையில் பச்சையும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்துத் தொங்கும் மண்வெட்டியை எடுத்துவந்து, சித்திரை வெயிலில் இறுகிக் கிடக்கும் மண்ணில் நாலு கொத்துக் கொத்திப் பாருங்கள். வாய் மடங்கிவிடும். அதை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே காம்பு கழன்று வரும். பிறகு இன்னொன்று வாங்குவீர்கள், அதுவும் அப்படியே போகும். இப்படி அடுத்தடுத்து வாங்கிப் போட்ட காசில் ஒரு நல்ல கொல்லர் பட்டறையில் அடித்த மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து மூன்றையும் வாங்கியிருக்கலாம்.

ஆனால் “பட்டறையில் அடிச்சது” என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் அடித்ததாக இருக்காது. தகட்டை கேஸ் கட்டரில் வெட்டி, காம்பு நுழையும் வளையத்தை வெல்டிங்கில் ஒட்டி, மேலே சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அருமையான இரும்பை வாங்கிவந்து ஒரே மழைக்காலத்தில் கெடுத்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு நஷ்டமும் உங்களுக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியவை

வாங்கும்போது

• கருவியைத் தேடுவதற்கு முன் அதைத் திரும்பக் காய்ச்சி அடித்துத் தரும் ஆளைத் தேடுங்கள். மண்வெட்டி தேயும், அரிவாள் மழுங்கும், கடப்பாறை முனை மொட்டையாகும். இது கருவியின் குற்றமல்ல, உழைப்பின் அடையாளம். தேய்ந்ததை உலையில் வைத்து வாயை மறுபடி நீட்டித் துவைச்சல் போட்டுத் தர, அதாவது காய்ச்சி நனைத்து வாயை இறுக வைத்துத் தர, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு கொல்லர் இருக்க வேண்டும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் திருப்பாச்சேத்தியில் அரிவாள் வாங்கலாம், பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தால், வாய் மழுங்கும்போதெல்லாம் சிவகங்கை மாவட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்க முடியாது. அடிக்கடி பட்டறைக்குப் போக வேண்டிய மண்வெட்டியையும் களைக்கொத்தையும் உள்ளூரிலேயே வாங்குங்கள்.

• சாலையோரம் கூடாரம் போட்டு அடிக்கும் வடமாநிலக் குடும்பங்களிடம் வாங்குவதானால் எதிரிலேயே அடிக்கச் சொல்லி வாங்குங்கள். பெண்கள் சம்மட்டி வீச, ஆண்கள் குறடு பிடித்துத் திருப்ப, லாரியின் வில் பட்டை உங்கள் கண்ணெதிரே அரிவாளாகும். வேலை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். காம்பு ஆடும் நாளில் அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள் என்பது ஒன்றுதான் சிக்கல்.

• “எந்த இரும்பில் அடிச்சது?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். லாரி, பஸ்ஸின் அடியில் இருக்கும் வில் பட்டைதான் நம் பட்டறைகளின் உயிர். அந்த ஸ்டீலில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். அதனால் காய்ச்சி நனைத்தால் இறுகும். கட்டடத்துக்கும் கேட்டுக்கும் போடும் எம்.எஸ். இரும்பில் அதில் பாதிகூட இருக்காது. அதை எத்தனை தடவை காய்ச்சி நனைத்தாலும் வாய் நிற்காது. “லாரிப் பட்டைதான்” என்று பதில் வந்தால், மிச்சம் கிடக்கும் பட்டைத் துண்டைக் காட்டச் சொல்லுங்கள். பட்டறையில் அது மூலையில் கிடக்கும்.

• சந்தேகம் இருந்தால் சாணைச் சக்கரத்தில் முதுகுப் பக்கத்தை ஒரு நொடி தொடச் சொல்லிப் பொறியைப் பாருங்கள். சாதாரண இரும்பு நீளமான, கிளை குறைந்த பொறியாக ஓடும். கார்பன் உள்ள ஸ்டீலின் பொறி சற்று தூரம் போனதுமே பல கிளையாக வெடித்துச் சிதறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

• சின்ன அரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முதுகில் அரம் சுலபமாக ஏற வேண்டும். வாயில் சிரமப்பட்டு ஏற வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி ஏறினால் துவைச்சல் இல்லை. வாயில் கொஞ்சமும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனால் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. கல்லில் பட்டால் துண்டு தெறிக்கும். வாங்குமுன் அரம் போட்டுப் பார்ப்பதை நல்ல கொல்லர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

• கருவியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அடித்த இரும்பு முதுகில் தடித்து, வாயை நோக்கிப் படிப்படியாக மெலிந்து வரும். வெட்டிய தகடு எங்கும் ஒரே தடிமனாக இருந்து, கடைசி அரை அங்குலத்தில் மட்டும் சாணையால் சரித்திருக்கும். மேலே தெரியும் சுத்தியல் தழும்பை நம்ப வேண்டாம், தடிமனை நம்புங்கள். காம்பு நுழையும் வளையத்தையும் விரலால் தடவுங்கள். வெல்டிங் திட்டு கையில் தட்டுப்படும்.

• காம்பு மாட்டாத நிலையில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுங்கள். கணீரென்று நின்று ஒலித்தால் நல்லது. சட்டென்று அமுங்கினால் உள்ளே கீறல் இருக்கலாம். பல வருஷம் லாரிச் சுமை தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒளிந்திருப்பது உண்டு.

• முடிந்தால் துவைச்சல் போடும்போது கூட நில்லுங்கள். கருவியின் ஆயுசு முடிவாவது அந்த ஒரு நிமிஷத்தில்தான். கொல்லர் வாயை மட்டும் செக்கச்செவேலென்று காய்ச்சுவார். குறட்டால் பிடித்து, வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ இறக்குவார். சீறும் சத்தம் அடங்கியதும் வெளியே எடுத்து, ஒரு கல்லால் கருப்பைத் தேய்த்து இரும்பின் வெள்ளையை வெளியே கொண்டுவருவார். பிறகு ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் மிச்சம் இருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். அது இறங்க இறங்க அந்த வெள்ளையில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வைக்கோல் மஞ்சள் என்றால் சுமார் 220, 230 டிகிரி செல்சியஸ். நீலம் என்றால் சுமார் 300. மஞ்சளில் நிறுத்தினால் வாய் கூர்மையாக நிற்கும், ஆனால் உடையும். நீலத்தில் நிறுத்தினால் உடையாது, ஆனால் சீக்கிரம் மழுங்கும். கிளை வெட்டும் அரிவாளுக்குப் பழுப்புக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் நடுவிலும், கல்லில் மோதும் கடப்பாறைக்கு நீலத்தை ஒட்டியும் நிறுத்தினால் போதும். சரியான நிறம் வாய்க்கு வந்த நொடியில் முழுவதையும் நனைத்துவிடுவார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

• உங்கள் மண்ணைச் சொல்லி வாங்குங்கள். கரிசலுக்கு அகன்ற வாய் மண்வெட்டி தோதுப்படும். செம்மண்ணும் சுக்கானும் கலந்த நிலத்துக்கு ஒடுங்கிய, தடித்த வாய் வேண்டும். மாடித்தோட்டத்துக்கு மண்வெட்டியே தேவையில்லை. ஒரு கைக் களைக்கொத்தும் சின்ன அரிவாளும் போதும்.

• உங்கள் கைக்கு ஏற்ற எடையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூலி வேலை செய்யும் ஆணின் தோளுக்கு அளந்தது. வீட்டுத் தோட்டத்தில் அதிகம் கொத்துவது பெண்களும் வயதானவர்களும்தான். பட்டறையில் சொன்னால் சின்னதாக, மெலிதாக அடித்துத் தருவார்கள். பட்டறைக்குப் போவதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான். பயன்படுத்தப் போகிறவர்களையே கூட்டிக்கொண்டு போங்கள். பத்துத் தடவை ஓங்கிப் பார்க்கட்டும்; தோள் வலித்தால் அந்த எடை வேண்டாம்.

• இடது கைக்காரர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருக்கரிவாளின் பல் ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கும். வலது கைக்கு வெட்டியது இடது கையில் பயிரை அறுக்காது, இழுக்கும்.

• அரிவாள் வாங்கப் போகும்போது ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரிவாள் விற்கும்போது வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்துவைக்கும்படி தமிழகக் காவல்துறை 2021ல் பட்டறைகளையும் கடைகளையும் கேட்டுக்கொண்டது. கேட்டால் கொடுங்கள். பட்டறைக்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே கேட்கிறார்.

காம்பு விஷயத்தில்

• காம்பைத் தனியாகப் பார்த்து வாங்குங்கள். கருவேலம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். வேம்பும் பூவரசும் நல்லவை. எதுவானாலும் வைரம் பாய்ந்த நடுக்கட்டையாக இருக்க வேண்டும். வெளுத்த மேல்கட்டையை உளு தின்றுவிடும்.

• ரேகை அடியிலிருந்து நுனிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். ரேகை நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால், காம்பு முறியும் இடம் அதுதான்.

• நன்றாகக் காய்ந்த கட்டையைத்தான் மாட்டுங்கள். பச்சைக் கட்டை இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், காய்ந்ததும் சுருங்கி ஆடும். அடுத்தவர் தலைக்கு ஆபத்து.

• மழமழப்பாக இழைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக ஏற்றுங்கள். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். மரத்துக்குள் இறங்கிக் காய்ந்து இறுகுவதால் மழைத் தண்ணீர் சுலபமாக உள்ளே போகாது. தடவிய துணியை மட்டும் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்ததுண்டு. வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

வேலை முடிந்த பிறகு

• மண்ணை அங்கேயே வழித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஈரமண் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். ஒரு மூங்கில் சில்லைக் காம்போடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டால் மறக்காது.

• கழுவினால் துடையுங்கள், துடைத்தால் எண்ணெய் காட்டுங்கள். தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ ஒரு துணியில் நனைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். கீரை, காய் அறுக்கும் அரிவாளுக்குத் தேங்காய் எண்ணெய். மாதக் கணக்கில் சும்மா வைக்கப் போகிறீர்கள் என்றால் கிரீஸ்.

• கடற்கரை ஊர்க்காரர்கள் இந்த வேலையை இரண்டு பங்காகச் செய்யுங்கள். நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது.

• வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தீட்டுங்கள். கருவியை அசையாமல் கட்டி, அரத்தை உங்களிடமிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அரத்தின் பல் போகும். சாய்வு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் போடுங்கள். பனையேறிகளைப் பாருங்கள்: மரக்கட்டையில் கல்பொடியைத் தூவி, பாளை சீவும் அரிவாளை நாள் தவறாமல் தீட்டுவார்கள். தீட்டாத அரிவாளால் பாளை சீவினால் பதநீர் வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

• கருக்கரிவாளை மட்டும் வீட்டில் தீட்டாமல் கருக்கு வெட்டக் கொடுங்கள். பல் பல்லாக உளியால் வெட்டுவது கொல்லருக்குக் கைவந்த வேலை. அரம் போட்டால் இருக்கும் பல்லும் போய்விடும்.

• நோய் கண்ட செடியில் வைத்த கருவியை அடுத்த செடிக்குக் கொண்டுபோகுமுன் சுத்தம் செய்யுங்கள். வாழை வாடல் நோய் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். மண்ணை முழுசாகக் கழுவி, காயவைத்து, 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். பிளீச்சிங் தண்ணீர் இரும்பை அரிக்கும்; அதைப் பயன்படுத்தினால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் காட்டுங்கள்.

• சுவரில் ஆணி அடித்து, காம்பு தரையைத் தொடாமல் தொங்கவிடுங்கள். மண்தரையில் சாய்த்தால் கரையான் காம்புக்குள் ஏறும். வெளியே ஒன்றும் தெரியாது, ஓங்கும்போதுதான் முறியும்.

• துரு ஏறியிருந்தால் பயப்படாதீர்கள், தேயுங்கள். மேல்துருவுக்குச் செங்கல்பொடியும் தேங்காய் நாரும் போதும். தடித்த துருவென்றால் கெட்டியான புளிக்கரைசலிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி இரும்பை மட்டும் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆப்பசோடா கலந்த தண்ணீரில் அலசுங்கள். அலசிய கையோடு துடைத்து எண்ணெய் போட வேண்டும். புளிப்பில் ஊறி வெளியே வந்த இரும்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி துரு பூக்கும்.

• ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சளையும் சந்தனத்தையும் மறுநாளே துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் வைத்த இடத்தில் வட்டமாகத் துரு பிடிக்கும். கருவியைக் காப்பதும் அந்தப் பூஜையைச் சேர்ந்ததுதான்.

செய்யக்கூடாதவை

வாங்கும்போது

• பெயின்ட் அடித்ததை வாங்காதீர்கள். பெயின்டுக்கு அடியில் வெல்டிங்கும் வெடிப்பும் ஒளியும். கருப்பு மேலோட்டோடு வரும் பட்டறை இரும்பு பார்க்க அழகில்லை, ஆனால் எதையும் மறைக்காது.

• படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்காதீர்கள். எடை, சமநிலை, வளையம், வாய் எதையும் படம் சொல்லாது.

• மெஷின் சுத்தியலில் அடித்தது என்பதற்காக ஒதுக்காதீர்கள். இப்போது நிறையப் பட்டறைகளில் பவர் ஹேமர் இருக்கிறது. சம்மட்டி வீச ஆள் கிடைக்காத காலத்தில் அதுதான் பட்டறையைக் காப்பாற்றுகிறது. இரும்பும் துவைச்சலும் சரியாக இருந்தால் எந்தச் சுத்தியலும் நல்ல சுத்தியல்தான்.

• கொல்லரிடம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். முன்பு ஊர்க் கொல்லருக்கு அறுவடை முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்தார்கள். வருஷம் முழுக்க அவர் கருவிகளைப் பார்த்துக்கொண்டார். அந்த ஏற்பாடு போய்விட்டது. இன்று கரி விலையும் பட்டை விலையும் அவர் கைக்காசு. ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கினால் அந்தக் குறை துவைச்சலில் வந்து நிற்கும். கட்டுப்படியாகாமல் அவர் உலையை அணைத்துவிட்டால் உங்கள் மண்வெட்டியைக் காய்ச்ச ஆள் இல்லை.

காம்பு விஷயத்தில்

• காம்பு ஆடுகிறது என்று தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடாதீர்கள். கிராமம் முழுக்க இருக்கும் பழக்கம் இது, கைவிடுங்கள். ஊறிய கட்டை விரிந்து இரும்பு வளையத்தில் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கும். அடுத்த தடவை இன்னும் அதிகமாக ஆடும், உள்ளே மக்கவும் தொடங்கும். காய்ந்த மரத்தில் ஆப்பு செதுக்கி அடியுங்கள், அதுதான் வைத்தியம்.

• ஆப்புக்குப் பதில் ஆணி அடிக்காதீர்கள். கட்டை பிளக்கும். பிளந்தது வெளியே தெரியாது.

• வெடித்த காம்பில் சைக்கிள் டியூப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். டியூப் வெடிப்பை மறைக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெடித்தது வெடித்ததுதான், மாற்றுங்கள்.

• வளையத்துக்குள் முறிந்து நின்ற கட்டையை எடுக்க மண்வெட்டியை அடுப்பில் போடாதீர்கள். கட்டை எரியும், கூடவே துவைச்சலும் போகும். வாய் 300 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டால் இரும்பு இளகிவிடும். கொல்லர் மறுபடி துவைச்சல் போட்டால்தான் உண்டு. டிரில் போட்டு அல்லது உளியால் கொத்திக் கட்டையை வெளியே தள்ளுங்கள்.

• ஜி.ஐ. பைப்பைக் காம்பாக்காதீர்கள். கொத்தும் அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டில் ஏறும். வெயிலில் கை வைக்க முடியாது. அதை மண்வெட்டியோடு வெல்டிங் வைத்துவிட்டால் கதை முடிந்தது.

வேலை செய்யும்போது

• மின்கம்பி ஓடும் இடத்தில் தொரட்டியைத் தூக்கவே தூக்காதீர்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மாங்காய் பறிக்க, முருங்கைக்கீரை ஒடிக்க, தென்னை மட்டை இழுக்கப் போய் உயிரை விட்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். இரும்பு, அலுமினியக் கம்பு மட்டுமில்லை, பச்சை மூங்கிலும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியை ஒட்டிய கிளை என்றால் மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்தியபிறகுதான் மரத்தைத் தொட வேண்டும்.

• அரிவாளை நெம்புகோலாக்காதீர்கள். வெட்டும் வாய் வெட்டத்தான், நெம்பினால் உடையும். வேரைப் பெயர்க்கக் கடப்பாறை இருக்கிறது.

• அரிவாள் முதுகில் சுத்தியலால் அடித்துக் கட்டை பிளக்காதீர்கள். இரும்பும் இரும்பும் மோதினால் சில்லு தெறிக்கும், கண்ணுக்குத்தான் வரும். கட்டையில் சிக்கிய அரிவாளின் முதுகில் தட்டியே தீர வேண்டுமென்றால் மரச் சுத்தியால் தட்டுங்கள்.

• தோட்டத்து மண்வெட்டியைக் கட்டட வேலைக்கு இரவல் தராதீர்கள். ஜல்லியும் காங்கிரீட்டும் ஒரே நாளில் வாயைத் தின்றுவிடும். ஒட்டிய சிமென்ட் இறுகினால் தட்டி எடுப்பதற்குள் தகடு நெளியும். கேட்கிறவர் சொந்தக்காரர் என்றால் பழைய கம்பெனி மண்வெட்டி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

• அரிவாளைக் கைக்குக் கை கொடுக்காதீர்கள். தரையில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் இதைச் சொன்னது விரல்களுக்காக.

• கருவியை வாய் மேலே இருக்கும்படி புல்லில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

• வெட்டுக்காயத்தில் மண்ணையோ காப்பித்தூளையோ அப்பாதீர்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணில் இருக்கிறது. துருப்பிடித்த கருவிதான் ஆபத்து, பளபளப்பாக இருந்தால் பயமில்லை என்று நினைப்பதும் தப்பு. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

தீட்டும்போதும் வைக்கும்போதும்

• சாணைச் சக்கரத்தில் வாய் நீலமாகும்வரை அழுத்த விடாதீர்கள். பட்டறையில் நிறம் பார்த்துப் பார்த்துப் போட்ட துவைச்சலை இந்த ஒரு நிமிஷ அவசரம் அழித்துவிடும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் “தண்ணியில நனைச்சு நனைச்சுப் பிடிங்கண்ணே” என்று சொல்லுங்கள். விரல் வைத்தால் சுடக்கூடாது, அதுதான் அளவு. நீலம் ஓடிவிட்டால் அந்த இடம் தீட்டத் தீட்ட மழுங்கும். சாணைமேல் குற்றம் சொல்லிப் பயனில்லை, நேராகக் கொல்லரிடம் போங்கள்.

• மண்வெட்டி வாயைச் சவரக்கத்தியாக்காதீர்கள். மெலிந்த வாய் முதல் கல்லிலேயே மடங்கும். மண்வெட்டிக்குச் சுமார் 30 டிகிரி சாய்வு போதும்; கிளை வெட்டும் அரிவாளை இன்னும் மெலிதாகத் தீட்டலாம்.

• பழைய என்ஜின் ஆயிலைத் தடவாதீர்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன. கையில் ஒட்டும், மண்ணில் இறங்கும், அந்த மண்ணில்தான் உங்கள் கீரை வளர்கிறது.

• யூரியா, பொட்டாஷ் மூட்டையிருக்கும் அறையில் இரும்பை வைக்காதீர்கள். உரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; அந்த உப்பு ஈரம் பட்ட இரும்பு பொரிந்து உதிரும்.

• சாக்கில் சுற்றி மாதக் கணக்கில் மூலையில் போடாதீர்கள். பஸ்ஸில் கொண்டுவர வாயைச் சாக்கால் சுற்றுவது சரி, சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள். சணல் மழைக்கால ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்பைக் கட்டிப் பிடித்திருக்கும்.

• தேய்ந்ததைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். முக்கால்வாசி தேய்ந்த மண்வெட்டியில் ஒரு களைக்கொத்து இருக்கிறது. உடைந்த வீச்சரிவாளில் ஒரு கைக்கத்தி இருக்கிறது. எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய்தான் வரும். பட்டறைக்குக் கொண்டுபோனால் கூலி மட்டும் கொடுத்து, ஏற்கெனவே உங்கள் கையில் நன்றாக உழைத்துக் காட்டிய அதே இரும்பில் புதுக் கருவி கிடைக்கும்.

• ஐப்பசி அடைமழை தொடங்கியபிறகு பட்டறைக்கு ஓடாதீர்கள். விதைப்பும் களையெடுப்பும் வந்துவிட்டால் அங்கே கூட்டம் நிற்கும். அவசரத்தில் போடும் துவைச்சல் அவசரமாகத்தான் இருக்கும். ஆனி, ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள், கொல்லர் நிதானமாகப் பார்த்துச் செய்வார்.

இன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாக் கருவிகளையும் வாசலில் எடுத்துப் போடுங்கள். ஒவ்வொரு காம்பையும் பிடித்து ஆட்டுங்கள், காம்பிலும் வளையத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆடுகிறதையும் வெடித்ததையும் தனியே வைத்துவிட்டு, மிச்சத்துக்கு எண்ணெய் காட்டுங்கள். தனியே வைத்ததை யாரும் கையில் எடுக்காமல் பார்த்துக்கொண்டு, நாளைக் காலை முதல் வேலையாகப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.